மூன்றாவது டிஸ்க்குக்கு ஒரு வீடு

ஐவன் ஹேவில் வீட்டில் இருந்த இரண்டு கம்ப்யூட்டர் டிஸ்க்குகளில் ஒன்று, செவ்வாய்க்கிழமை காலை ஓட்ஸ் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தபோது செத்தது. பெரிதாகச் சத்தம் போட்டுக்கொண்டெல்லாம் சாகவில்லை. கூடத்து அலமாரியில் இருந்த கறுப்புப் பெட்டியின் முகத்தில் எப்போதும் இரண்டு பச்சை விளக்குகள் எரியும். ஒன்று சிவப்பாகிவிட்டது, அவ்வளவுதான். முப்பத்தெட்டு வருடம் ரயில்வே சிக்னல்களைப் பழுது பார்த்தே காலம் தள்ளிய மனிதருக்குச் சிவப்பு விளக்கின் அர்த்தத்தை யாரும் சொல்லித் தர வேண்டாம். அடுப்பை அணைத்தார். கஞ்சி அரைவேக்காட்டில் நின்றது. அன்று முழுக்க அது அப்படியே கிடந்தது.

பெட்டிக்குள் இருந்தது அவருடைய சொத்து அல்ல. அவர் மகள் பிரையனியின் பதினோரு வருடப் படங்கள், ஒவ்வொன்றும் இரண்டு டிஸ்க்கிலும் ஒரு பிரதியாக.

ஆறு வருடத்துக்கு முன் அவள் மலைக்கு அந்தப் பக்கம் கிரைஸ்ட்சர்ச்சிலிருந்து அப்பாவைப் பார்க்க கிரேமவுத்துக்கு வந்திருந்தாள். "போன்ல இடமே இல்லப்பா. ஒரு படம் எடுக்கறதுக்கு இன்னொண்ண அழிக்க வேண்டியிருக்கு" என்று அலுத்துக்கொண்டாள். ஐவன் அந்தப் பெட்டியை வாங்கிய புதிது. புதுச் சைக்கிள் வாங்கிய பையனைப் போல, யாராவது ஏற வருவார்களா என்று காத்திருந்தார். "கொடு இங்க" என்று போனை வாங்கி அரை மணி நேரம் நோண்டினார். இனிமேல் அவள் எங்கே படம் எடுத்தாலும் அது தானாக மலை தாண்டி வந்து பெட்டியில் விழும். விழுந்ததும் போனில் இருப்பது அழிந்து இடம் காலியாகும். பார்க்கத் தோன்றினால் பெட்டியிலிருந்து வரவழைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

"அப்போ நான் எதையும் யோசிக்கவே வேண்டாமா?"

"வேண்டாம். என் பெட்டிக்குள்ள போனது எதுவும் தொலையாது."

அப்படி வாய்விட்டுச் சொன்ன மனிதர்தான் இப்போது சிவப்பு விளக்கின் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

அவள் அப்படி வந்துபோன இரண்டு வருடத்தில் கிளெனிஸ் இறந்துபோனாள். கிளெனிஸ் பிரையனியின் அம்மா. ஐவனை விட்டுப் பிரிந்து, கிரைஸ்ட்சர்ச்சில் கிரஹாம் என்கிற பள்ளிக்கூட வாத்தியாரைக் கட்டிக்கொண்டு ரொம்ப வருடமாகியிருந்தது. ஆகஸ்ட் மாதம், புற்றுநோய் முற்றிய நிலையில், "அம்மா உன்னப் பாக்கணும்ங்கறா. வாப்பா" என்று மகள் கூப்பிட்டாள். "ஆர்தர்ஸ் கணவாய் ரோட்ட பனிக்காக மூடிட்டாங்கம்மா" என்றார் ஐவன். மூடியிருந்தது உண்மைதான். ஆனால் வடக்கே லூயிஸ் கணவாய் திறந்திருந்தது. சுற்று வழி, ஒன்றரை மணி நேரம் கூடுதல். ஒன்று மூடினால் இன்னொன்று என்பது மேற்குக் கரையில் பால்குடி மறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார். கிரஹாம் உட்கார்ந்திருக்கும் அறையில் தான் எங்கே நிற்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல்தான் அவர் போகவில்லை.

பிரையனி சண்டை போடவில்லை. எல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து, 'லூயிஸ் திறந்துதான் இருந்துது' என்று ஒரு வரி அனுப்பினாள். அதோடு சரி. பிறந்தநாளுக்கு ஒரு வரி, கிறிஸ்துமஸுக்கு ஒரு வரி. நாலு வருடமாக அவள் இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை.

படங்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் வந்து விழும்போது பெட்டியின் ஓரத்தில் ஒரு நீல விளக்கு படபடக்கும். அவள் மறந்துபோயிருப்பாள் என்றே ஐவன் நினைத்தார். ஞாபகம் இருந்தால் எப்போதோ நிறுத்தியிருப்பாள். அதனால் அவரும் ஞாபகப்படுத்தவில்லை. சாயங்காலத் தேநீரை அலமாரிக்கு எதிரே உட்கார்ந்து குடிப்பது வழக்கமாயிற்று. நீல விளக்கு துடித்தால், மகள் எங்கோ உயிரோடு இருக்கிறாள், எதையோ பார்த்துப் பிடித்துப்போய் நின்றிருக்கிறாள் என்று அர்த்தம். சிக்னல்காரனின் பழக்கம் விடாது. பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துத் தேதி, நேரம், எத்தனை படம், அன்றைய வானிலை என்று எழுதினார்.

ஆனால் ஒரு படத்தைக்கூட அவர் திறந்து பார்க்கவில்லை. அது அவள் வாழ்க்கை, கேட்காமல் எட்டிப் பார்ப்பது திருட்டு என்பது அவர் கட்சி. நல்ல கட்சிதான், யாரும் குறை சொல்ல முடியாது. எட்டிப் பார்க்காத அப்பன் எட்ட வேண்டிய நேரத்திலும் எட்டவில்லை என்பதுதான் சங்கடம்.

இறந்த டிஸ்க்கைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, ஆற்றங்கரைத் தெருவில் தமட்டியின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனார். ஜூலை மாதம். ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக இறங்கி வரும் குளிர்காற்றுக்கு ஊரில் நாவிதன் என்று பெயர். அன்று அந்த நாவிதன் தலையோடு சேர்த்துக் காதையும் சிரைத்துக்கொண்டிருந்தான்.

தமட்டிக்கு நாற்பது வயது, பீப்பாய் உடம்பு. டிஸ்க்கைத் திருப்பி அதன் எண்ணைப் படித்தான். "இன்னொண்ணோட நம்பர் என்ன ப்ரோ?"

ஐவன் நோட்டைப் பார்த்துச் சொன்னார். கடைசி எண் மட்டும்தான் வேறு. ஆறும் ஏழும்.

"அண்ணன் தம்பி. ஒரே நாள்ல, ஒரே மெஷின்ல செஞ்சது. ஒரே பொட்டில வந்து ஒரே நாள்ல ஓட ஆரம்பிச்சுது. ஒரே குட்டைல ஊறின மட்டை. அண்ணன் போனா தம்பி பின்னாலயே போவான். அன்னிக்கே சொன்னேனா இல்லையா, ரெண்டையும் வேற வேற கம்பெனில வாங்குங்கன்னு?"

"சொன்னே."

"நீங்க என்ன சொன்னீங்க? 'ஜோடி பொருந்தணும்'னீங்க. டிஸ்க் என்ன காலுறையா ஜோடி பாக்க?"

"சரிடா, செத்தவன முன்னால வெச்சுக்கிட்டு என்னைத் திட்டாதே. புதுசு ஒண்ணு கொடு. பெட்டில சொருகினா மிச்சமிருக்கறதுலேர்ந்து அதுவே காப்பி எடுத்துக்குமில்ல?"

தமட்டி இரண்டு கையையும் தூக்கினான். "வேண்டாம் ப்ரோ. அதத்தான் எல்லாரும் செஞ்சு மாட்டிக்கறாங்க. பெட்டி ஜோடி சேக்கணும்னா மிச்சமிருக்கற கிழவன மூலை முடுக்கெல்லாம் ஓடவிடும். ஒண்ணுமில்லாத வெத்து எடத்தையும் சேத்துப் படிக்கும். ஏற்கெனவே மூச்சு வாங்குது அவனுக்கு. பாதி வழில படுத்துட்டா? மொதல்ல பெட்டிய அணைங்க. அந்த டிஸ்க்க கழட்டி நேரா கம்ப்யூட்டர்ல மாட்டுங்க. எது தொலைஞ்சா திரும்ப கிடைக்காதோ, அத மட்டும் மொதல்ல எடுங்க."

கவுண்டரில் மூன்று டிஸ்க்குகளை எடுத்து வைத்தான். ஐவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் காதுக்கருகில் வைத்து ஆட்டிப் பார்த்தார்.

"தேங்காயா வாங்கறீங்க? ஆட்டாதீங்க. இதோ, இது வேண்டவே வேண்டாம். கூரைக்கு ஓடு வேயற மாதிரி ஒரு வரி மேல இன்னொரு வரி ஏத்தி எழுதற ரகம். ஒரேயடியா நெறைய எழுதினா மூச்சு முட்டி நின்னுடும். அட்டைல அதப் போட்டிருக்கவும் மாட்டான். இந்த ரெண்டும் ராவும் பகலும் ஓடறதுக்குன்னே செஞ்சது. ரெண்டும் வேற வேற கம்பெனி."

"எது சாகாது?"

"சாகாத டிஸ்க் இன்னும் பொறக்கல. சொல்லிட்டுச் சாகறது எதுன்னு பாத்து வாங்குங்க. அவ்வளவுதான் நம்மால முடியும்."

"வாரண்டி?"

"அஞ்சு வருஷம். ஆனா வாரண்டி டிஸ்க்குக்குத்தான் ப்ரோ. உள்ள இருக்கறதுக்கு எவனும் தரமாட்டான்."

ஐவன் இரண்டையும் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். தமட்டி மூன்றாவதாக இன்னொரு கம்பெனி டிஸ்க்கை எடுத்து அவற்றோடு சேர்த்தான்.

"இது எதுக்கு?"

"வேற வீட்டுல வெக்க. மூணு காப்பி இருக்கணும், அதுல ஒண்ணு உங்க கூரைக்குக் கீழ இருக்கக்கூடாது. தீப்பிடிச்சா? ஆறு பொங்கினா? எவனாவது பெட்டியோட தூக்கிட்டுப் போனா? சொந்தக்காரங்க, சிநேகிதங்க யார் வீட்டுலயாவது கொடுத்து வைங்க. யார் வீடு இருக்கு உங்களுக்கு?"

சாதாரணமாகக் கேட்டதுதான். கடைக்கு வருகிறவர்கள் எல்லோரிடமும் கேட்பான். 'தங்கச்சி வீட்டில்', 'பையன் வீட்டில்' என்று அவர்களும் யோசிக்காமல் சொல்வார்கள். ஐவன் யோசித்தார். ரயில்வேயில் கூட வேலை பார்த்த நார்ம் போன வருடம் போய்ச் சேர்ந்தான். பக்கத்து வீடு சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவது, வாரத்துக்கு ஒரு முகம். அறுபத்தைந்து வருடம் ஒரே ஊரில் வாழ்ந்திருக்கிறார், ஒரு டிஸ்க்கைக் கொடுத்து வைக்க ஒரு வீடு இல்லை. மூன்றாவது டிஸ்க்கின் அட்டையைப் படிக்கிற மாதிரி குனிந்துகொண்டார்.

தமட்டி புரிந்துகொண்டான். பேச்சை மாற்றப் பார்த்தான். "இங்க கடைலயே வெச்சுக்கட்டுமா?"

"உன் கடை ஆத்தங்கரைல இருக்கு. என் வீடு நனையறதுக்கு முந்தி நீ முங்கிடுவே."

"அதுவும் சரிதான்" என்று சிரித்தான் தமட்டி. "ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க. புது டிஸ்க்க ஒரு வாரமாவது முழுசா எழுதி, முழுசா படிச்சு, அடிச்சுப் பாக்காம நம்பக்கூடாது. பொறந்த வாரத்துலயே சாகறதும் உண்டு. இப்ப உங்களுக்கு அதுக்கு நேரமில்ல. அதனால ரெண்டுலயும் ஒரே நேரத்துல இறக்குங்க. ஒண்ணு ஏமாத்தினாலும் இன்னொண்ணு இருக்கும். மூணாவத நிதானமா சோதிச்சுக்கலாம்."

மத்தியானம் வீட்டுக்கு வந்து பெட்டியை அணைத்தார். ஆறு வருடமாகக் காதுக்குப் பழகிய அந்த மெல்லிய உறுமல் நின்றதும் வீடு திடீரென்று பெரிதானது. மழை தகரக் கூரையில் விழுவது தனித்தனியாகக் கேட்டது. மிஞ்சியிருந்த டிஸ்க்கைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டி, 'பிரையனி' என்று பெயரிட்ட கோப்புறையை இரண்டு புது டிஸ்க்குகளுக்கும் இறக்கவிட்டார். டிஸ்க் கடகடவென்று அரைத்தது, நின்றது, மறுபடி அரைத்தது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் ஐவனுடைய மூச்சும் நின்றது. சாமி கும்பிடும் பழக்கமில்லாத மனிதர், அன்றைக்கு ஒரு இரும்புத் துண்டைப் பார்த்து "போ ராசா, போ" என்று கெஞ்சினார்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு முடிந்தது. முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் படங்களில் நாற்பத்தொன்றைப் படிக்க முடியவில்லை என்று ஒரு பட்டியல் வந்தது. வெறும் எண்களும் தேதிகளும்.

நாற்பத்தொன்று என்பது ஒன்றுமில்லை என்று தமட்டி சொல்வான். ஆனால் எந்த நாற்பத்தொன்று? கிளெனிஸின் கடைசி மாதங்கள் இதற்குள்தான் இருந்தன. அது போயிருந்தால் மகளுக்கு அவர் செய்த இரண்டாவது துரோகமாகிவிடும், இதற்கு எந்தக் கணவாயையும் சாக்குச் சொல்ல முடியாது. பட்டியலில் அந்த ஆகஸ்ட் இல்லை. ஆனாலும் பட்டியலை நம்பிச் சும்மா இருக்க சிக்னல்காரனால் முடியாது. விளக்கு பச்சையாக இருந்தாலும் தண்டவாளத்தில் நடந்து பார்த்துவிட்டு வருவதுதான் அவர்கள் தொழில். ஆறு வருடக் கட்சியை அன்று கைவிட்டு, அந்த ஆகஸ்ட்டின் முதல் படத்தைத் திறந்தார்.

கிளெனிஸ் தலைமுடி இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். கிளெனிஸின் கை, மகளின் கைக்குள். ஜன்னலில் யாரோ வைத்த மஞ்சள் பூ. ஒன்றில் கிரஹாம் கட்டிலருகே நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார், வாய் திறந்து, சட்டைப் பொத்தான் மாறிப் போட்டு, ஒரு காலில் மட்டும் செருப்போடு. இந்த ஆளுக்குப் பயந்தா போகாமல் இருந்தேன் என்று ஐவனுக்குத் தோன்றியது. அவரும் எங்கே நிற்பது என்று தெரியாத ஒரு கிழவர்தான். ஐவன் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். எல்லாப் படங்களும் திறந்தன. ஒன்றுகூடப் பழுதில்லை.

பிறகு பட்டியலில் இருந்த ஒவ்வொரு தேதியாக எடுத்து, காணாமல் போனதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு கடற்கரை. யாருடைய கல்யாணமோ. ஒரு பூனை, நாற்பது கோணத்தில். அப்படியே இந்த வருடத்து மே பதினேழுக்கு வந்தார். பகல் இரண்டு பதினான்குக்கு எடுத்த ஒன்று போயிருந்தது. அதற்கு நாலு நிமிடம் முந்தியது நன்றாக இருந்தது. திறந்தார்.

காரின் கண்ணாடி வழியாக எடுத்த படம். மழை. வைப்பர் குறுக்கே நின்றது. அதற்கப்பால் ஒரு வெளிர்பச்சை வீடு, துருப்பிடித்த தபால் பெட்டி, கொடியில் எடுக்காமல் விட்ட ஒரு சாம்பல் நிறச் சட்டை. கூடத்து ஜன்னலில் விளக்கெரிந்தது. ஜன்னலுக்குள் குனிந்த தலை ஒன்று.

அந்தச் சட்டை இப்போது அவர் உடம்பில் இருந்தது.

நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். மே 17. அவருடைய பிறந்தநாள். அவர் கையெழுத்திலேயே எழுதியிருந்தது: '2.10 படம் ஒன்று. 2.14 படம் ஒன்று. 2.20 பிரையனி வாழ்த்து அனுப்பினாள். பலத்த மழை.' போனை எடுத்து அன்றைய செய்தியைத் தேடினார். 'பிறந்தநாள் வாழ்த்துகள் அப்பா.' அதற்கு அவர் பதில்: 'நன்றிம்மா. அங்கேயும் மழையா?' அவள் பதில்: 'ஆமா.'

அவள் தெருவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு ஆமா என்று எழுதியிருக்கிறாள். ஐவன் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, நீல விளக்கு துடித்ததைச் சந்தோஷமாக நோட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தி ஒரு தரம் வெளியே பார்த்திருந்தால் போதும். அவர் அப்படியே மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அழுதார் என்றுதான் சொல்ல வேண்டும்.

போனில் செய்தி வந்த சத்தம். பிரையனி. 'நேத்துலேர்ந்து படம் எதுவும் திறக்கல. உன் பெட்டிய அணைச்சிட்டியா?'

உன் பெட்டி. ஐவன் அதையே திரும்பத் திரும்பப் படித்தார். மறந்துபோயிருப்பாள் என்று நாலு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாரே, அவள் எதையும் மறக்கவில்லை. எங்கே போகிறது என்று தெரிந்தேதான் ஒவ்வொரு படத்தையும் அனுப்பியிருக்கிறாள். பதில் எழுத ஆரம்பித்தார், அழித்தார், மறுபடி எழுதினார். பிறகு கூப்பிட்டார்.

"அப்பா?" நாலு வருடத்தில் முதல் தடவையாகக் குரல். கொஞ்சம் கரகரப்பாகியிருந்தது. "என்னாச்சு? உனக்கு ஒண்ணுமில்லயே?"

"எனக்கொண்ணுமில்ல. டிஸ்க் ஒண்ணு போயிடுச்சும்மா. இன்னொண்ணும் போற மாதிரி இருந்துது. எல்லாத்தையும் வேற டிஸ்க்குக்கு மாத்திட்டேன். நாப்பத்தோரு படம் மட்டும் போயிடுச்சு. என் தப்புதான். ரெண்டும் ஒரே மாதிரி வாங்கியிருக்கக்கூடாது."

"அம்மா படமா?"

"அம்மா படம் எல்லாம் இருக்கு. ஒவ்வொண்ணா திறந்து பாத்தேன். பத்திரமா இருக்கு."

"நீ பாத்தியா?"

"இன்னிக்குத்தான். சரியா இருக்கான்னு தெரியணுமில்ல. இல்லன்னா நான் எதையும் திறந்ததே இல்லம்மா. ஒண்ணுகூட. சத்தியமா."

"ஒண்ணுகூடவா?"

"உன் படம்டா. கேக்காம எப்படிப் பாக்கறது?"

மறுமுனையில் ஒரு சத்தம் வந்தது, சிரிப்பா அழுகையா என்று அவருக்குத் தெரியவில்லை. "நீ என்ன மனுஷன்பா? ரெண்டு மாசமா நான் காத்துக்கிட்டிருக்கேன். உன் வீட்டப் படமெடுத்து உன் பெட்டிக்கே அனுப்பிச்சேன். பாப்பே, கூப்பிடுவே, ஏன் உள்ள வரலன்னு நீ கேப்பேன்னு நெனச்சேன். நீ கேக்கல. சரி, இந்த ஆளுக்கு இப்பவும் அப்படித்தான்னு விட்டுட்டேன்."

ஐவன் பட்டியலில் விரலை வைத்தார். "பிரையனி. ரெண்டாவது படம் போயிடுச்சு. ரெண்டு பதினாலு. அது என்னது?"

"எதுக்கு?"

"தெரியணும்."

"உன் கதவு" என்றாள். "கார்லேர்ந்து இறங்கி வந்தேன். வாசல் வரைக்கும் வந்துட்டேன். உள்ள ரேடியோ பாடிக்கிட்டிருந்துது. கை தூக்கினேன். தட்ட முடியல. அதனால படம் எடுத்தேன்."

பலகைக் கதவு, மெல்லிசுதான். நாலடி தூரத்தில் அவர் இருந்திருக்கிறார்.

கடைசியில், அவரிடமிருந்த ஒரே விஷயத்தை ஐவன் எடுத்தார்.

"மூணாவது டிஸ்க் ஒண்ணு வாங்கியிருக்கேன். அது இந்த வீட்டுல இருக்கக்கூடாதாம். வேற வீட்டுல வெக்கணுமாம். எனக்கு வேற வீடு எதுவும் இல்லம்மா. உங்க வீட்டுல ஒரு அலமாரில வெக்கலாமா?"

"கொண்டு வா."

"ஒரு வாரம் அத சோதிச்சுப் பாக்கணும். புது டிஸ்க்க உடனே நம்பக்கூடாது. அப்புறம் ஆர்தர்ஸ் வேற பனில மூடியிருக்கு, அடுத்த வாரம் வானம் தெளிஞ்சதும்..."

"சரிப்பா" என்றாள் அவள். அந்த ஒரு சொல்லில் இருந்த களைப்பை ஐவன் கேட்டார். சந்தேகம் வந்தால் சிவப்பைப் போடு என்று முப்பத்தெட்டு வருடம் படித்த பாடம். ரயிலுக்கு அது சரி. வாழ்க்கையில் மற்ற எல்லாவற்றுக்கும் அதையே போட்டுப் போட்டுத்தான் அவர் தண்டவாளத்தில் ஒரு வண்டியும் வராமல் போயிற்று.

"இல்ல" என்றார் அவசரமாக. "நாளைக்கே வரேன். லூயிஸ் வழியா வரேன்."

"ரோடு வழுக்கும். மெதுவா வா" என்றாள், வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை விடியும்போது மூன்றாவது டிஸ்க்கில் படங்கள் ஏறி முடிந்திருந்தன. சோதிக்காத டிஸ்க், முதல் வாரத்திலேயே சாகலாம். வீட்டில் இரண்டு இருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். கம்பளிச் சட்டையில் சுற்றிப் பக்கத்து இருக்கையில் வைத்து, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அதற்கு சீட் பெல்ட் மாட்டினார். ஊர் எல்லையில் சாலைத் துறையின் பலகை நின்றது. ஆர்தர்ஸ், மூடியது. லூயிஸ், திறந்திருக்கிறது. நாலு வருடத்துக்கு முன்னும் இதே பலகை இதையேதான் சொல்லியிருக்கும். அப்போது அவர் இந்தப் பக்கம் வந்து படித்துப் பார்க்கவில்லை.

ஐந்து மணி நேரம் ஓட்டினார். வழியில் ரீஃப்டனில் ஒரு இறைச்சி அப்பம் வாங்கினார், பாதிதான் இறங்கியது. மலை மேல் சாலையின் இரண்டு பக்கமும் பனி, நடுவில் கறுப்பாக ஒரே ஒரு தடம். அதைப் பிடித்துக்கொண்டே போனார்.

பிரையனியின் வீட்டை அவர் அதுவரை பார்த்ததில்லை. செங்கல் வீடு, நீலக் கதவு, வாசலில் ஒரு ஜோடி சேறு படிந்த பூட்ஸ். காரை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். ஜன்னலில் விளக்கெரிந்தது. உள்ளே யாரோ நடமாடினார்கள். வந்துவிட்டேன் என்று ஒரு வரி அனுப்பிவிட்டுக் காரிலேயே இருக்கலாம் என்று தோன்றியது. அவளே வெளியே வந்து பார்ப்பாள். போனைக் கையில் எடுக்கவும் செய்தார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். மழை கண்ணாடியை மூட மூட, வைப்பர் குறுக்கே நின்றது. அவள் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாள் என்பது அப்போதுதான் அவருக்கு முழுசாகப் புரிந்தது.

போனைப் பைக்குள் போட்டார். டிஸ்க்கைக் கம்பளிச் சட்டையோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு இறங்கினார். வாசல் வரைக்கும் பதினோரு அடி. உள்ளே ரேடியோவோ எதுவோ பாடிக்கொண்டிருந்தது. கையைத் தூக்கினார். கை அங்கேயே நின்றது.

பிறகு தட்டினார்.